பிக்கப்பும் மடக்கிய கட்டைவிரலும்

போன மாதம் ஒரு மத்தியானம் கௌசல்யா டீச்சர் போன் செய்தார். ஜவ்வாது மலையில் நான் ஆங்கிலம் நடத்திய உண்டு உறைவிடப் பள்ளியில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். ஆங்கில இலக்கியம் படித்தவர், நல்ல பெண். அவ்வப்போது கூப்பிட்டு, கணியம்பாடியில் வெயில் எப்படி, எனக்குச் சர்க்கரை எப்படி என்று விசாரிப்பார். அன்றைக்கு வேறொன்று கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். நம்ம பசங்க கை தூக்கும்போது ஏன் எல்லாரும் கட்டைவிரலை மடக்கிக்கிறாங்க? ஆறாவது பொடிசுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அப்படித்தான். கேட்டா, 'இங்க அப்படித்தான் மிஸ்'ங்கறாங்க. வேற எந்த ஸ்கூல்லயும் நான் பார்த்ததில்ல."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கணியம்பாடியில் சிக்னலுக்கு ஒரு குறையும் கிடையாது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து யாரென்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். இந்த வயதிலும் பொய் மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது. டீச்சருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது வரலாறு. அப்புறம் பி.எட்., அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வயதை ஓட்டியது, அப்புறம் மலைக்கு ஆணை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பள்ளிகளில் ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. வரலாற்று ஆசிரியர் தலையில்தான் ஆங்கிலத்தையும் கட்டுவார்கள். பானிபட் போரை நான் தூக்கத்தில்கூட நடத்துவேன். ஆங்கிலத்தை நோட்ஸ் இல்லாமல் நடத்தியதே இல்லை. புத்தகத்தில் இருப்பதை வாசிப்பேன், எழுதுவேன், இலக்கணம் சொல்லித் தருவேன். ஒருவர் எதிரே நின்று ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் எனக்குக் காது அடைத்துப்போகும். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. மலைக்குக் கீழே ஒடுகத்தூர் கடைத்தெருவில் எனக்கு 'இங்கிலீஷ் வாத்தியார்' என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் குடையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடப்பேன்.

எங்கள் தலைமை ஆசிரியர் தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். ஆசிரியர் யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, விடுதிச் சமையல்காரரிடம் சொல்லி டீ வரவழைப்பார். டம்ளரைக் கையில் கொடுத்த பிறகுதான் ஆரம்பிப்பார். சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது. அவர் அறையில் டீ குடித்தோம் என்று சொன்னாலே மற்ற ஆசிரியர்கள் துக்கம் விசாரிப்பார்கள்.

கட்டைவிரல் ஏற்பாடு அவருடையதுதான். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எல்லாப் பள்ளியிலும் ஒத்திகை நடக்கும். எங்கள் பள்ளியிலும் நடந்தது. கரும்பலகைக்குக் கரி பூசுவோம், முற்றத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவோம். அதற்குமேல் ஒன்று, கை தூக்கும் ஒத்திகை. ஆசிரியர் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ள வேண்டும். தெரியாதவர்கள் விரித்து வைக்க வேண்டும். ஆசிரியர் மடக்கிய விரலாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரிக்குக் கைகள் மட்டும் தெரியும்.

"இது ஏமாத்து வேலை இல்லையா சார்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். டீ வந்தது.

"அதிகாரி எதிர்ல எல்லாரும் கை தூக்கிக்கினு இருக்கும்போது ஒரு புள்ள மட்டும் கை தூக்காம குந்திக்கினு இருந்தா, அதுக்கு எப்டி இருக்கும்? சொல்லுங்க" என்றார், காதில் விழுமோ விழாதோ என்ற குரலில். "எந்தப் புள்ளையும் தனியா குந்தக்கூடாது. அவ்ளோதான்."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். நாளாக ஆக அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தும் போனது. ஆய்வில்லாத சாதாரண நாட்களிலும் அதையே வைத்துக்கொண்டேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எங்கும் பிள்ளைகள் "புரிஞ்சுது சார்" என்று பாட்டுப் பாடும். என் வகுப்பில் எல்லாக் கையும் மேலே போகும், பாதிக் கட்டைவிரல் விரிந்திருக்கும். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் சொல்வார்கள், எனக்குப் புரியவில்லை சார் என்று. நானும் யார் மனமும் கோணாமல் மறுபடி முதலிலிருந்து நடத்துவேன். ஆசிரியராக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக்குவது பற்றிப் பேச்சு வந்தது. அதுவரை பத்தாவதோடு சரி. மேலே படிக்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். பையன்கள் சிலர் இறங்குவார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அனுப்பமாட்டார்கள். அப்போது பத்தாவதில் சத்யா என்றொரு பெண். நெல்லிவாசல் பக்கம் ஒரு சிற்றூர். பெரிய கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன், பிடிவாதக்காரி. விளங்காத ஒன்று விளங்குகிறவரை கட்டைவிரலை விரித்தே வைத்திருப்பாள். அவள் அப்பா விடுதிக்கு வந்தபோது பேசிப் பார்த்தேன்.

"பொட்டப்புள்ளைய கீழ எங்க சார் அனுப்பறது? பஸ்ஸு ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல. இங்கியே பன்னண்டாவது வரைக்கும் வரட்டும், படிக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?"

ஆக சத்யா பதினொன்றாம் வகுப்பு படிப்பதும் படிக்காததும் அந்த வருடம் பள்ளி தரம் உயர்வதைப் பொறுத்திருந்தது. அவளுக்கும் அது தெரியும். "இந்த வருசமே வந்துடுமா சார்?" என்று வராண்டாவில் என்னை மடக்கி மடக்கிக் கேட்பாள்.

அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. கட்டடம், கழிப்பறை, மாணவர் எண்ணிக்கை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு வகுப்பிலும் உட்காருவார், அது ஆங்கில வகுப்பாக இருக்கும் என்றார்கள். தணிகாசலம் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை, இருந்தாலும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எதுனா ஒண்ணு சின்னதா எடுத்துக்கோங்க. முழுசா நடத்துங்க" என்றார்.

நான் எடுத்துக்கொண்டது 'பிக் அப்' என்ற சொல். காரணம் உண்டு. இங்கிலீஷ்காரன் இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்துப் பத்து வேலை வாங்குவான். அந்த மாதிரிச் சொற்கள் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஆனால் இந்த ஒன்று மட்டும் எனக்கு முன்பே மலையேறி வந்திருந்தது. புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் போகிற வண்டிக்குப் பெயரே பிக்கப். ஏற்றத்தில் அது திணறினால் 'வண்டியில பிக்கப் இல்ல' என்பார்கள். வளைவில் நிற்கிறவர்களை ஜீப்காரர் பிக்கப் பண்ணிக்கொள்வார். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கஞ்சி கேட்டால் 'பிக்கப் ஆயிட்டான்'. சந்தையில் வியாபாரம் பிக்கப் ஆகும். பாறைமேல் ஏறி நின்றால் போன் சிக்னலைப் பிக்கப் பண்ணும். இதெல்லாம் ஆங்கிலம் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது இரண்டுதான். தரையில் கிடப்பதைக் குனிந்து எடுத்தாலும் அதே சொல், யாரும் சொல்லித்தராமல் ஒரு பாஷையைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாலும் அதே சொல்.

கீழே கிடப்பதைப் பொறுக்குவதற்கு ஒரு கடுக்காயைக் கொண்டுவந்து போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கடுக்காய்க் காலத்தில் காடு முழுக்கக் குனிந்து பொறுக்குகிறவர்கள் அவர்கள்தான், நான் அதை நடித்துக் காட்டினேன். ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொருவர் எழுந்து வாக்கியமாகச் சொல்வதாக ஏற்பாடு. காய்ச்சலில் தேறுவது சத்யாவுக்கு. 'மை பிரதர் வில் பிக் அப் சூன்' என்று மூச்சுவிடாமல் சொல்லிப் பழகினாள்.

அந்த நாளும் வந்தது. அதிகாரி என்னைவிடச் சின்ன வயதுப் பெண்மணி. பருத்திப் புடவை, எளிமையான பேச்சு, பந்தா இல்லை. கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். தணிகாசலம் சார் வாசலில் நின்றார். பாடம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. கைகள் எழும்பின, நான் மடக்கிய விரலாகப் பார்த்து எழுப்பினேன். சத்யாவின் தம்பிக்குக் காய்ச்சல் தேறியது, ஜீப் வளைவில் ஆளை ஏற்றிக்கொண்டது. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

பாடம் முடிந்ததும் அவர் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

நீளமான வாக்கியம். வேகமாக வந்து போய்விட்டது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "யெஸ் மேடம்" என்றேன். அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, மறுபடி கேட்டார். முன்பைவிட மெதுவாகத்தான் கேட்டிருப்பார். அதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. "யெஸ் மேடம், தேங்க் யூ மேடம்" என்றேன். சொன்னதும் தப்பென்று தெரிந்தது. கையில் இருந்த சாக்பீஸை உடைத்தேன், உடைந்ததை இன்னும் சின்னதாக உடைத்தேன். வகுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாதே தவிர, மனிதன் முகம் தெரியும்.

அப்போது சத்யா கை தூக்கினாள், கட்டைவிரலை மடக்கி. அவளைப் பார்த்து முன்வரிசை தூக்கியது. அப்புறம் நடுவரிசை, பின்வரிசை. ஒரு கை பாக்கியில்லை, ஒரு கட்டைவிரல்கூட விரிந்திருக்கவில்லை. அந்தக் கேள்வி அவர்களில் யாருக்கும் விளங்கியிருக்க வழியே இல்லை. யாரையாவது எழுப்புங்கள், உங்கள்மேல் இருக்கிற கண் எங்கள்மேல் திரும்பட்டும் என்கிறார்கள். எனக்கு அது உடனே விளங்கியது. ஆசிரியன் என்று நின்ற இடத்தில் அப்படியே தரைக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"சத்யா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் எழுந்து, அதிகாரிப் பக்கம் திரும்பி, கணீரென்று தமிழில் சொன்னாள்: "மேடம், எங்களுக்கு இங்கிலீஷ்ல கேட்டா புரியல மேடம். சாரு நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க, எங்களுக்குத்தான் ஏறல. தமிழ்ல கேளுங்க மேடம்."

'எங்களுக்கு' என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் என்னையும் சேர்த்து ஒளித்துக்கொண்டாள். பள்ளி தரம் உயருமா உயராதா என்று எழுதப்போகிறவர் முன்னால், அது உயர வேண்டும் என்று வகுப்பிலேயே அதிகமாகத் தவித்தவள், எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று எழுந்து நின்று சொன்னாள். வாசலில் தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தமிழில் கேட்டார். கேள்வி இவ்வளவுதான்: இந்தச் சொல்லைப் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே எங்கேயாவது பேசுகிறார்களா? பிக்கப் வண்டி, சிக்னல், சந்தை என்று வகுப்பே கொட்டித் தீர்த்தது. ஒத்திகையில் இல்லாததெல்லாம் வந்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார். நான் உடைத்த சாக்பீஸ் துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அனுமதி வரவில்லை. தணிகாசலம் சார் டீ வரவழைத்தார். ஆய்வறிக்கையில் என்ன இருந்தது என்று சொன்னார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள், முதலில் தேர்ச்சியைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருடம் பரிசீலிக்கலாம்.

"பின்தங்கினது நான் சார்" என்றேன்.

"தெரியும்" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. "டீ ஆறிடும், குடிங்க."

அடுத்த நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். காத்திருந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். தமிழில்தான் பேசினேன். "மேடம், அன்னைக்குப் புரியாதது பிள்ளைங்களுக்கு இல்ல, எனக்கு. அதை மாத்தி எழுதணும்" என்றேன். அவர் உட்காரச் சொன்னார்.

"எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு சார்."

"அப்புறம் ஏன் மேடம்..."

"உங்க பேர்ல எழுதினா உங்களுக்கு மெமோ வரும். இந்த வயசுல எதுக்கு? பிள்ளைங்கன்னு பொதுவா எழுதினா யாருக்கும் ஒண்ணுமில்ல." மிகுந்த அன்போடுதான் சொன்னார். யாருக்கும் ஒன்றுமில்லையாம். சத்யா என்று ஒரு பெண் இருக்கிறாள் மேடம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அறிக்கை ஏற்கெனவே மேலே போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று வாசலில் ஒரு எழுத்தர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகம் கூசுகிறது.

அடுத்த வருடம் அனுமதி வந்தது. வந்த வாரமே ஜீப் பிடித்து, ஜீப் போகாத இடத்தில் நடந்து, சத்யாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வா சார், வூட்டுக்குள்ள வா. சத்யாவா? அது திருப்பூர்ல அவுங்க அக்கா கூட கீது சார். கம்பெனி வேலை. இங்க சும்மா இன்னா பண்ணும்?"

"பதினொண்ணாவது இங்கியே வந்துடுச்சுங்க. கூப்பிட்டா வருமா?"

போனில் பேசவைத்தார். பின்னால் தையல் மிஷின் சத்தம். "வந்துடுச்சா சார்?" என்று சத்யா சந்தோஷமாகத்தான் கேட்டாள். "சின்னப் புள்ளைங்க படிக்கட்டும் சார். நான் இங்க பிக்கப் ஆயிட்டேன்" என்றாள். அந்தப் பொருளையும் நான் சொல்லித்தந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறுகிறவரை அந்தப் பள்ளியில்தான் இருந்தேன். ஆய்வு நடந்த நாளிலிருந்து ஒன்று மாறிவிட்டது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும், எல்லாக் கட்டைவிரலும் மடங்கியிருக்கும். ஒரு நாள்கூட, ஒரு பிள்ளைகூட விரித்துக் காட்டவில்லை. விரித்தால் சாருக்குக் கஷ்டம் என்று தீர்மானித்துவிட்டார்கள் போல. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் விடுதியில் மூத்தவர்கள் சொல்லிவைத்தார்கள். கெஞ்சிக்கூடக் கேட்டுப் பார்த்தேன், "தெரியலன்னா விரிங்கப்பா" என்று. "தெரியுது சார்" என்றார்கள், அதே அன்போடு. யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று தெரியாமலே மிச்ச வருடங்களை நடத்தி முடித்தேன். பிரிவுபசார விழாவில், என் வகுப்பில் விடை தெரியாத பிள்ளையே கிடையாது என்று பாராட்டி மாலை போட்டார்கள். தணிகாசலம் சார் அப்போது உயிரோடு இல்லை, அந்த மட்டில் நல்லது.

கௌசல்யா டீச்சர், இதுதான் பதில். இதுவரைக்கும் எழுதிவிட்டு, தபாலில் போடத் தயங்கி, நேரிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று போன வாரம் மலைக்கு வந்தேன் அல்லவா? நீங்கள் என்னை வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். சுவரில் பெரிய திரை. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வேகமாக ஆங்கிலம் பேசினாள். நீங்கள் நிறுத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டீர்கள். எல்லாக் கையும் எழுந்தது. கடைசி வரிசையில் எண்ணெய் வழியும் தலையோடு ஒரு பெண், கட்டைவிரலை இறுக்கி மடக்கிக்கொண்டு, திரையைப் பார்த்து மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தாள். அந்த விழிப்பு எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் செய்யாததை இன்றைக்காவது செய்யலாம் என்று நினைத்தேன். எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி என் கையைத் தூக்கினேன், கட்டைவிரலை நன்றாக விரித்து. எனக்கு இது புரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முன்வரிசைப் பையன் ஒருவன் என் கையைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பாகத் தானும் கையை விரித்து ஆட்டினான். "டாட்டா சார்!" வகுப்பே எழுந்துவிட்டது. "போய்ட்டு வாங்க சார்! போய்ட்டு வாங்க சார்!" கடைசி வரிசைப் பெண்ணும் கையாட்டினாள். நீங்களும் சிரித்துக்கொண்டே கையாட்டினீர்கள்.

நானும் ஆட்டிவிட்டு, இந்தத் தாள்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.